தீர்க்கதரிசி காய்ச்சிய பசை

என் வீட்டுக்காரர் ஒரு கடையைப் பார்த்து "மூடப்படும்" என்று சொன்னால் அது மூடப்பட்டுவிடும். அந்தப் பெருமை அவர் முகத்தில் ஏறியிருந்த அளவுக்குக் கல்யாணக் களைகூட ஏறியதில்லை. சந்தேகம் இருந்தால் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவருக்கு நகராட்சியில் உணவுச் சுகாதார ஆய்வாளர் வேலை. ஹோட்டல், பேக்கரி, பழச்சாறுக் கடை என்று ஒன்று விடாமல் போவார், அடுப்படியில் மூக்கை நுழைப்பார், சரியில்லை என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டுவார். ஒட்டுவதற்கு முன் வாசலில் நின்று அதை உரக்க வாசிப்பார். வாசிக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் ஆண்டவர் அவருக்கு ஒரு குரலைக் கொடுத்துவிட்டார், என்ன செய்வது?

அந்தக் குரலால் எங்கள் சபையிலும் அவருக்கு ஒரு வேலை இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு வேதம் வாசிப்பது அவர் முறை. தீர்க்கதரிசிகளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது வாசிப்பவர் விருப்பம், அது போதகர் கொடுத்திருந்த சலுகை. அந்தச் சலுகையை இவர் என்ன பாடு படுத்தினார் தெரியுமா? நகரம் பாழாகும், மதில் இடியும் என்று வருகிற இடமாகப் பார்த்து, டப்பென்று புத்தகத்தை மூடிவிட்டு இறங்கிவிடுவார். அடுத்த வரியில் கடவுள் மனமிரங்கினாரா இல்லையா என்பது அடுத்த மாதம்வரை சபைக்குத் தெரியாது. அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண் அவருக்குத் 'தீர்க்கதரிசி' என்று பெயர் வைத்தாள். அவள் வைத்தது கிண்டலாக. இவர் வாங்கிக்கொண்டது பட்டமாக.

இன்னொரு பெருமையும் உண்டு, பசை. அலுவலகப் பசை மழைக்கு உரிந்துவிடுகிறதாம். ஆகவே மைதாவோடு வச்சிரத்தைக் கலந்து, என் அடுப்பில், என் பாத்திரத்தில் தானே காய்ச்சுவார். வச்சிரம் என்பது தச்சர்கள் மரத்தோடு மரம் ஒட்டுகிற சமாசாரம். அது கொதிக்கும் நாற்றத்தில் பக்கத்து வீட்டார் சன்னலைச் சாத்துவார்கள். அந்தப் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோற்றுப்போய், கடைசியில் அதைப் பசைக்கே தாரை வார்த்துவிட்டேன். கடை மூடி, கடைக்காரர் ஊரைவிட்டே போன பிறகும் இவர் ஒட்டிய நோட்டீஸ் கதவில் இருக்கும்.

இந்தக் கொடி பறந்ததெல்லாம் பழைய அதிகாரி காலத்தில். நோட்டீஸ் முன்னால் போனால் பூட்டு பின்னால் போகும் என்கிற ரகம் அவர். போன வருஷம் அவர் ஓய்வு பெற்று ஒரு மேடம் வந்தார். மெல்லிய குரல். எதையும் ஒரு முறைதான் சொல்வார், இரண்டாம் முறை சொல்லும் அவசியம் யாரும் வைக்கமாட்டார்கள். பூட்டும் சாவியும் அவர் கைப்பையில்தான் இருக்கும். அவர் வந்த புதிதில் இவர் ஒரு பழச்சாறுக் கடைக்கு நோட்டீஸ் ஒட்டினார். கடைக்காரன் பயந்துபோய்க் கடையையே கழுவிக் கவிழ்த்துவிட்டான். மேடம் போய்ப் பார்த்தார், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்றார், நோட்டீஸை ரத்து செய்துவிட்டார். அன்று இவர் சாப்பிடவில்லை.

"ஒரு மனுஷன் பொழச்சுக்கிட்டான். அதுக்கு எதுக்குங்க பட்டினி?" என்று கேட்டேன்.

"மூடப்படும்னு சொன்னேன், மூடல. இனிமே என் பேச்சுக்கு என்ன மதிப்பு?" என்றார். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

இனி என் தங்கை வீட்டுக்கு வருகிறேன். தங்கை வீட்டுக்காரருக்கு பேக்கரி. முகத்தில் பாதி மீசை, ஆகவே ஊருக்கே அவர் மீசைக்காரர். அவர் சுடும் ரொட்டி அருமையாக இருக்கும், அதைச் சுடும் இடம் அருமையாக இருக்காது. கூடப்பிறந்தவளாக இருந்தும் சொல்கிறேன். மாவு மூட்டைமேல் பூனை குடித்தனம் நடத்தியது. அடுப்புக்குப் பின்னால் கரப்பான்கள் பேரன் பேத்தி எடுத்திருந்தன. ஒரு தடவை பன்னுக்குள் முடி கிடந்தது என்று வாடிக்கையாளர் ஒருவர் சண்டைக்கு வந்தபோது, மீசைக்காரர் அந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "வெளி ஆள் முடி இல்லீங்க, நம்ம மீசைதான்" என்று சமாதானம் சொன்னாராம். வாய்க்கும் குறைச்சல் இல்லை.

அந்த வாய்தான் வம்பு இழுத்தது. எங்கள் கல்யாண வெள்ளிவிழாவுக்கு அவர்தான் கேக் செய்தார். மூன்று அடுக்கு, வெள்ளைக் கிரீம், ரோஜாப்பூ. மூடியைத் திறந்தால் மேலே சிவப்பு எழுத்தில் 'ஆயுள் தண்டனை: இருபத்தைந்தாம் ஆண்டு' என்று எழுதியிருந்தது. போதகர் சிரித்தார், மேடம் சிரித்தார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மேலதிகாரி முன்னால் தன்னைக் கைதியாக்கிவிட்டானாம். அன்றிலிருந்து அந்த பேக்கரி இருக்கும் தெருப்பக்கம்கூட அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர்கள் இடப்பக்க பெஞ்சில் இருந்தால் இவர் வலப்பக்கம். நானும் என் தங்கையும் நடுவழியில் நின்று பேசிக்கொள்வோம்.

இப்படி இருக்கும்போதுதான் மேடம் ஒரு நாள் இவரைக் கூப்பிட்டு, "அந்த பேக்கரியைப் பத்திப் புகார் வந்துட்டே இருக்கு. நீங்க போய் நோட்டீஸ் கொடுத்துட்டு வாங்க" என்று சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். பெட்டியை எடுத்தார். உடம்பு சரியில்லை என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நேர் எதிர்த் திசையில் இருக்கும் தன் அண்ணன் ஊருக்கு பஸ் ஏறக் கிளம்பினார்.

"சொந்தக்காரங்க கடை. நான் போகமாட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் சொந்தபந்தம் விடுமா, என் தங்கை வயிற்றில் அடிக்க மனசு வருமா என்று நினைத்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துக் கட்டிக் கொடுத்தேன். அந்தச் சாப்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதன் காரணம் பின்னால் வரும்.

அந்த மகராசன் நான் கட்டிக் கொடுத்ததை இறங்கும் முன்னே தின்று தீர்த்துவிட்டு, பஸ் மாறும் இடத்தில் ஒரு கையேந்தி பவனில் வறுத்த மீன் சாப்பிட்டிருக்கிறார். ஊரில் இருக்கிற அடுப்படியெல்லாம் மோந்து பார்க்கும் ஆய்வாளர், ஈ மொய்க்கிற மீனைத் தின்றார். அண்ணன் வீட்டு வாசற்படி ஏறவில்லை, நேரே ஆஸ்பத்திரி. பெரிய நகரத்துக்குப் போய் எச்சரிக்கச் சொன்னால் கப்பலேறி ஓடிய ஒரு தீர்க்கதரிசியைப் பற்றி வேதத்தில் வருகிறதல்லவா? அவர் மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்தார். இவர் வயிற்றில் மீன் மூன்று நாள் இருந்தது. விடுப்புக் கடிதத்தில் எழுதிய பொய்யைக் கடவுள் மெய்யாக்கிக் கொடுத்துவிட்டார்.

மேடம் அவ்வளவு தூரம் வந்து பார்த்தார். ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். பிறகு, இரண்டாம் முறை சொல்லும் வழக்கம் இல்லாத அவர், இரண்டாம் முறை சொன்னார். "உடம்பு தேறினதும் அந்த பேக்கரிக்குப் போயிட்டு வந்துடுங்க."

போனார். மாதம் பிறந்த வாரத்தில், தெரு நிறைய ஆள் நடமாடும் நேரமாகப் பார்த்துப் போனார். வாசற்படியில் நின்று, "இந்த மாத முடிவில் இந்தக் கடை மூடப்படும்!" என்று முழங்கினார். சரிசெய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை இல்லை. கதவுக் கண்ணாடியில் பசையைத் தடவி நோட்டீஸை ஒட்டி, உள்ளங்கையால் நாலு தட்டு தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார். அந்த ஞாயிறு அவர் வாசிக்கும் முறை. கப்பலேறி ஓடிய அதே தீர்க்கதரிசியின் புத்தகத்தைத்தான் எடுத்தார். நகரம் கவிழ்க்கப்படும் என்று அவர் கூவுகிற இடம்வரை வாசித்து, இடப்பக்க பெஞ்சை ஒரு பார்வை பார்த்து, டப்.

என் தங்கை அன்றே என்னிடம் வந்து அழுதாள். "அக்கா, இது ஒண்ணுதானே எங்களுக்குச் சோறு போடுது. இதையும் மூடிட்டா நாங்க எங்க போவோம்? நீ அத்தான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்."

"சொல்றேன்டி. உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு? கத்துறாரா?"

"கத்தினாத்தான் பரவாயில்லையே. நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். எனக்கு முதலில் யாரென்று தெரியவில்லை. தரையில் மண்டியிட்டு ஒருவர் அடுப்புக்குப் பின்னால் இரும்புத் தேய்ப்பானால் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பினால் மீசையைக் காணோம். தலையும் மொட்டை. மேலுதடு மட்டும் வெயிலே படாத இடம் என்பதால் வெளுத்துக் கிடந்தது. எதிரே இருக்கும் சலூனில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று சொன்னாராம். சலூன்காரர் மீசையில் கை வைக்கப் பயந்து மூன்று தரம் கேட்டாராம்.

"என்ன மாப்ள இது கோலம்?"

"அண்ணன் வாசிச்சது வாசலோட போகல, அக்கா. உள்ள வந்துடுச்சு" என்றார். வழக்கமாக அவர் கண்ணில் இருக்கும் கேலி அன்று இல்லை. "பூனை படுத்த மாவுல ஊருக்கு ரொட்டி போட்டிருக்கேன். என் புள்ளைக்கு மட்டும் வேற மூட்டையில இருந்து எடுத்துப் போட்டேன். அப்படின்னா எனக்குத் தெரிஞ்சுதானே செஞ்சிருக்கேன்?"

இருந்த மாவு முழுவதையும் அவர் கொட்டிவிட்டார். கடையில் விற்பனையை நிறுத்தினார். அடுப்புக்காரர் முதல் பொட்டலம் கட்டும் பெண்கள்வரை எல்லாரும் முக்காடு போட்டுக்கொண்டு சுவரைச் சுரண்டினார்கள். நானும் சேலையைச் செருகிக்கொண்டு தட்டுகளைத் தேய்க்க உட்கார்ந்தேன். பூனையைக்கூட விடவில்லை. அதைக் குளிப்பாட்டி, பின்கட்டில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் குடிவைத்தார்கள். வலையில் முகத்தை வைத்துக்கொண்டு, தான் செய்த பாவம் என்ன என்று கேட்கும் தோரணையில் அது எங்களைப் பார்த்தது.

"நான் வீட்ல பேசிப் பார்க்கவா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. மூடுறதும் விடுறதும் அந்த மேடம் உரிமை. அதுல நான் தலையிட முடியாது. திருந்துறது மட்டும் என் கையில இருக்கு. அவங்க மனசு மாறினா மாறட்டும், யாருக்குத் தெரியும்? மாறாட்டியும் இந்த அடுப்பு சுத்தமாத்தான் மூடணும்."

ஒரு வாரம் போனது. சுவருக்குச் சுண்ணாம்பு, அடுப்புக்குப் புது ஓடு, ஓட்டைகளுக்கு சிமெண்ட். புது மாவு வந்ததும் அடுப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு பிசைவு போட்டார். பேச்சில் மறந்துவிட்டோம், மாவு அளவுக்கு மீறிப் பொங்கித் தொட்டியைவிட்டு வழிந்து நின்றது. போச்சு, இதுவும் குப்பைக்குத்தான் என்று நினைத்தேன். அவர் முஷ்டியால் அதை ஒரு குத்துக் குத்தினார். புஸ்ஸென்று அடங்கியது. மறுபடி உருட்டி, வேறு வடிவத்தில் தட்டில் வைத்தார்.

"கெட்டுப்போகலையா மாப்ள?"

"கெட்டுச்சுதான். அதுக்காக? இன்னும் கையிலதானே இருக்கு."

எனக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் என் வீட்டுக்காரர் இன்னொரு தீர்க்கதரிசியை வாசித்தார். அந்தத் தீர்க்கதரிசி குயவன் வீட்டுக்குப் போகிறார், சக்கரத்தில் களிமண் சுற்றுகிறது, பாண்டம் குயவன் கையில் கெட்டுப்போகிறது. அந்த இடத்தில் இவர் டப்பென்று மூடிவிட்டார். அதே மண்ணைக் குயவன் எறியாமல் வேறு பாண்டமாக வனைந்தான் என்பதை நான் அன்றே வீட்டில் தனியாக வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். மண் குயவனுடையது, கையும் அவனுடையது. அவன் விரும்பினால் எறியலாம், அவனை யார் கேட்பது? ஆனால் கை அவனுடையதாக இருப்பதால்தானே எறியாமலும் இருக்க முடிகிறது! இதை அன்றைக்கு வாசித்திருந்தால் சபைக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இந்த உற்சாகத்தோடு வீட்டுக்குப் போய், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அவரிடம் பேச்சை எடுத்தேன். "வந்து பாருங்களேன், கண்ணாடியா வெச்சிருக்காங்க. மீசையையே எடுத்துட்டாரு. மேடம்கிட்ட நல்ல வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கும் மனசு இல்லாமலா, முதல்ல போகமாட்டேன்னு ஊரைவிட்டே போனீங்க?"

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "நான் எதுக்குப் போனேன்னு நெனச்சே?"

"எதுக்கு?"

"எனக்கு அப்பவே தெரியும். நான் போய்ச் சொன்னா அவன் பயந்து எல்லாத்தையும் சரி பண்ணிடுவான். சரி பண்ணிட்டா மேடம் விட்டுடுவாங்க, அவங்க குணம் அப்படி. நான் சொல்லாம இருந்திருந்தா, ஒரு நாள் அவங்களே நேரா வந்து பூட்டியிருப்பாங்க. அதுக்குத்தான் போகல."

பாசத்தால் ஓடினார் என்று நினைத்தேனே, இரக்கம் காட்டிவிடுவார்களோ என்று பயந்து ஓடியிருக்கிறார்! அதற்கு நான் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

"அந்தக் கடைக்குள்ள உங்க கால் படுறவரைக்கும் நான் உங்ககிட்ட பேசினா, என்னை ஏன்னு கேளுங்க" என்றேன்.

"நான் அங்க போறதா? இந்த ஜென்மத்துல நடக்காது" என்றார்.

"அப்ப பேச்சும் நடக்காது" என்றேன். அதுதான் நான் பேசிய கடைசி வார்த்தை. அதற்குப் பிறகு சோறு மேசைமேல் இருக்கிறது என்பதைச் சுவரிடம் சொன்னேன், மழை வருகிறது, குடை எடுக்கவேண்டும் என்பதைச் சன்னலிடம் சொன்னேன். அவரும் சளைக்கவில்லை, சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று செருப்பிடம் முறையிட்டார்.

மாதக் கடைசி வந்தது. மேடம் வருவார் என்று தெரிந்து நான் காலையிலேயே பேக்கரிக்குப் போய்விட்டேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தால், எதிர்ச் சலூனில் என் வீட்டுக்காரர். கடையைப் பூட்டுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும், ஆனால் பார்க்க வந்ததாகத் தெரியக்கூடாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் கண்ணாடியில் பேக்கரிக் கதவைப் பார்ப்பது. முகம் முழுக்க சோப்பு நுரை. சலூன்காரர் கத்தியை எடுக்கும்போதெல்லாம் "கொஞ்சம் இருப்பா" என்று நிறுத்திவைத்தாராம். தலைக்குமேல் மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

மேடம் வந்தார். அடுப்புக்குப் பின்னால் விளக்கடித்துப் பார்த்தார், ஓட்டைகள் இருந்த இடத்தை விரலால் தடவினார், மாவு மூட்டைகளைத் திறந்து மோந்தார். மீசைக்காரர் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை, கைகட்டி நின்றார். மேடம் அவர் மேலுதட்டைப் பார்த்தார்.

"மீசை எங்க?"

"பன்னுக்குள்ள போகாம இருக்கட்டும்னு எடுத்துட்டேன், மேடம்."

மேடம் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. கைப்பையைத் திறந்தார். பூட்டை எடுக்கப்போகிறார் என்று என் தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். எடுத்தது கைக்குட்டை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், கதவிலிருந்த நோட்டீஸின் மேல்முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. "கடையைத் திறங்க" என்றார். தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் என் தோள்பட்டை நனைந்துவிட்டது. நானும் அழுதேன், அதை மறைப்பானேன்.

அந்த நேரம் பார்த்து எதிரே மின்சாரம் போய், மின்விசிறி நின்றது. நுரை காய்ந்து இழுக்கிறது, வியர்வை வழிகிறது, கண்ணாடியில் பார்த்தால் பூட்டவேண்டிய கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. "இந்த வெயில்ல ஒரு மின்விசிறி கூட ஓடக்கூடாதா? ஓடாத மின்விசிறியை எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க? செத்துடலாம்போல இருக்கு!" என்று அவர் சலூன்காரரைப் பிடித்துக் கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. மேடம் அங்கேதான் போனார். புதிதாய்ச் சுட்ட ரொட்டியை அவருக்குக் கொடுக்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

"மின்விசிறிக்காக இவ்வளவு வருத்தமா?" என்று கேட்டார் மேடம்.

அவர் நுரையோடு எழுந்து நின்றார். "மின்விசிறிக்கு இல்ல, மேடம். மூடப்படும்னு தெருவே கேட்கச் சொன்னேன். நீங்க விட்டுட்டீங்க. என் வார்த்தை பொய்யாப் போச்சு."

"பூட்டு எப்பவும் என் பையிலதான் இருக்கு. பூட்டணும்னா எனக்குப் பூட்டே போதும்" என்றார் மேடம், அதே மெல்லிய குரலில். "அப்புறம் எதுக்கு உங்கள முன்னாடி அனுப்பினேன்?"

அவர் வாயைத் திறந்தார், நுரைதான் உள்ளே போனது. மேடம் என்னிடமிருந்து ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பேசாமல் திரும்பினேன். பேசுவதில்லை என்று சொல்லியிருக்கிறேனே.

கதை இத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் பசை இருக்கிறதே! மேடம் இழுத்தபோது நோட்டீஸ் மேலிருந்து கிழிந்து வந்ததே தவிர, கடைசி வரி கண்ணாடியோடு தங்கிவிட்டது. பெரிய கறுப்பு எழுத்தில் 'மூடப்படும்'. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். தங்கை கத்தியால் சுரண்டினாள், கண்ணாடியில் கீறல் விழுந்தது, எழுத்து அசையவில்லை. மேலே வெள்ளைத்தாள் ஒட்டினாள், அது புது நோட்டீஸாகத் தெரிந்தது. சுட்ட ரொட்டி தட்டுத் தட்டாய்த் தேங்கியது. மீசைக்காரர் அதையெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் கொடுத்தனுப்பினார். இப்படியே போனால் மேடம் பூட்டாத கடையை இந்தப் பசை பூட்டிவிடும். அதை எடுக்கும் வித்தை காய்ச்சினவருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்கவோ எனக்கு வாயில்லை.

ஞாயிறு வந்தது. அவர் முறை. போன மாதம் விட்ட இடத்திலிருந்து வாசித்தாகவேண்டும். நகரம் கவிழும் என்று கேட்டதும் நகரத்தார் என்ன செய்தார்கள் என்று வாசித்தார். ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான், மாடுகளுக்குக்கூடத் துக்கத்துக்கு உடுத்தும் இரட்டுத்துணியைப் போர்த்தினார்கள். எனக்குப் பூனை ஞாபகம் வந்தது. கடவுள் அவர்களைப் பார்த்துத் தாம் செய்வேன் என்றதைச் செய்யாமல் விட்டார். தீர்க்கதரிசிக்குக் கோபம். இந்த இரக்கத்துக்குப் பயந்துதான் அப்போதே ஓடினேன் என்று கடவுளிடமே சொல்கிறார். இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் குரல் ஒரு முறை தடுக்கியது. அவர் நினைத்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாசிப்பவர் விருப்பம்தானே. நிறுத்தவில்லை. தீர்க்கதரிசி ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதும், நிழல் கொடுத்த செடி வாடிப்போனதும், அதற்காக அவர் செத்துவிடலாம்போல வருந்துவதும் வந்தன. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சலூன்காரர் இருமினார்.

கடைசியில் கடவுள் ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருந்தும்போது, இத்தனை ஜனமும் இத்தனை மிருகமும் இருக்கிற நகரத்துக்காக நான் வருந்தக்கூடாதா என்கிற அர்த்தத்தில். அந்தப் புத்தகம் அங்கே முடிந்துவிடுகிறது. தீர்க்கதரிசி என்ன பதில் சொன்னார் என்று எழுதவே இல்லை. என் வீட்டுக்காரர் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே வேறொருவர் புத்தகம் ஆரம்பிக்கிறது. மறுபடி திருப்பினார். சபை காத்துக்கொண்டிருந்தது. அவர் டப்பென்று மூடவில்லை. புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துவிட்டு இறங்கி வந்தார், வலப்பக்கம் திரும்பாமல், இடப்பக்க பெஞ்சில் மீசை இல்லாத மீசைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மீசைக்காரர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

ஆராதனை முடிந்து நான் வெளியே வருவதற்குள் ஆளைக் காணோம். தங்கையோடு பேக்கரித் தெருவுக்கு வந்தால், கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிவிட்டு நின்றுகொண்டிருக்கிறார். உள்ளேயிருந்து மீசைக்காரர் கத்தியோடு வந்தார்.

"சுரண்டாதே சகலை, அது வச்சிரம். சுரண்டினா வராது. உள்ள வெந்நீர் இருக்கா?"

"இருக்குண்ணே. கொண்டாரேன்."

"நீ எதுக்கு? நான் வரேன்."

வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போனார். சுடச்சுட நனைத்த துணியோடு வந்து, அதை அந்த எழுத்தின்மேல் போர்த்தி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். துணி ஆற ஆற மறுபடி நனைத்தார். மீசைக்காரர் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தெருவே கேட்க அன்று முழங்கிய மனுஷன், அதே தெரு பார்க்க, கை சிவக்க நின்றார்.

"சகலை."

"சொல்லுங்கண்ணே."

"அந்த மீசை திரும்ப வளர எவ்வளவு நாளாகும்?"

"அது ஆகும் மூணு மாசம். ஏண்ணே?"

"ஒண்ணுமில்ல. கல்யாண நாள் வருது. கேக் சொல்லணும். போன தடவை எழுதின மாதிரியே எழுது."

மீசைக்காரர் இல்லாத மீசையை முறுக்கக் கையைக் கொண்டுபோய், ஏமாந்து, சத்தமாகச் சிரித்தார். அவர் பழைய சிரிப்பு அது. துணியை எடுத்தபோது எழுத்து ஒவ்வொன்றாகப் பதமாக உரிந்து வந்தது. என் வீட்டுக்காரர் அதை உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டடி பின்னால் வந்து கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் கிட்டே போய்க் குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

"கீழ் மூலையில இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கு பாருங்க" என்றேன்.